தொழிலுக்கு இலக்கு எழுதியாச்சு, எனக்கான இலக்கை எப்படி வைப்பது?

சிவதாபுரம் கொலுசுப் பட்டறை:

வணக்கம். சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். அப்பா செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகளிடம் வெள்ளிக் கட்டி வாங்கிக் கூலிக்குச் செய்து கொடுத்தவர். நான் பொறுப்பெடுத்த பிறகு கூலி வேலையோடு சொந்தச் சரக்கும் போட ஆரம்பித்து, இப்போது உருக்குவதில் இருந்து மெருகு வரை பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள், அது போக வீட்டில் இருந்தே கண்ணிகளைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதித் தருகிற பெண்கள் தனி. கடன், நஷ்டம் என்று புலம்ப வரவில்லை, தொழில் நன்றாகத்தான் ஓடுகிறது.

என் கேள்வி வேறு. ஒவ்வொரு ஏப்ரலிலும் புதுக் கணக்கு போடும்போது அந்த வருடத்து இலக்கை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுவேன். இவ்வளவு விற்றுமுதல், ஒரு புது மெஷின், வடக்கே இன்னும் இரண்டு பார்ட்டி, இப்படி. போன வருடம் விற்றுமுதல் இலக்கைத் தாண்டியது, நன்றாகவே தாண்டியது. எடை நோட்டை எழுதுவது என் மனைவி. அவள் அதைக் கூட்டிப் பார்த்துவிட்டு, முந்தைய வருடத்தைவிடக் கிலோ குறைந்திருக்கிறதே என்றாள். உண்மைதான். 2019 வாக்கில் கிலோ 40,000 ரூபாயைச் சுற்றி இருந்த வெள்ளி, 2025இல் ஒரு லட்சத்தைத் தாண்டி அதற்கு மேலும் ஏறியது. விலை ஏறியதில் என் இலக்கு தானாக நிறைவேறிவிட்டது. செய்த கொலுசு குறைவு, கையில் நின்றதும் பெரிதாகக் கூடவில்லை.

அப்போதிருந்து இதே யோசனையாக இருக்கிறது. ரூபாய்க்குப் பதில் கிலோவில் எழுதினால் கணக்கு சரியாகிவிடும், அது புரிகிறது. ஆனால் அந்த முதல் பக்கத்தைத் திரும்பப் படித்தபோது எனக்கென்று அதில் ஒரு வரிகூட இல்லை. வயது நாற்பதை நெருங்குகிறது. பெண் பத்தாம் வகுப்பு, பையன் ஆறாவது. டிசைன் அச்சைக் கையால் வெட்டும் வேலை அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, நாங்கள் அச்சை வெளியில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை, அவருக்கோ கண் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. இதையெல்லாம் இலக்கு என்று நான் எழுதியதே இல்லை.

தொழில் செய்கிறவர்கள் உங்களுக்கான இலக்கை எப்படி முடிவு செய்கிறீர்கள்? தொழில் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் அதெல்லாமா, இப்போதே வைக்கலாமா? வைத்தால் எதைக் கொண்டு அளப்பது? பெரிய தத்துவம் வேண்டாம், நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். சேலம் பக்கம் தொழில் செய்கிறவர்கள் எழுதினால் இன்னும் உதவியாக இருக்கும்.


ஆத்தூர் கிழங்கு மில்:

தம்பி, முதலில் ஒன்று. வெள்ளி விலையால் நிறைவேறிய இலக்கு வெள்ளி விலையாலேயே ஒரு வருடம் படுத்துவிடும், அன்றைக்கு நீங்கள் எந்தத் தப்பும் செய்யாமலே தோற்றுப்போனதாக எழுதிக்கொள்வீர்கள். ஜவ்வரிசித் தொழிலில் இது எங்களுக்குப் பால பாடம். மரவள்ளிக் கிழங்கு விலை எங்கள் கையில் இல்லை, மழை, மாவுப்பூச்சி, பக்கத்து மில்காரர் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்வது அது. ஜவ்வரிசி விலையும் எங்கள் கையில் இல்லை. ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வில் அன்றைக்கு என்ன விலைக்குப் போகிறதோ அதுதான், விரதத்துக்கு ஜவ்வரிசி சாப்பிடுகிற மகாராஷ்டிரத்தில் விரத காலம் நெருங்கினால் மூட்டைக்குக் கொஞ்சம் கூடும், இல்லாவிட்டால் சரக்கு குடோனில் கிடக்கும். இந்த இரண்டு விலைக்கும் நடுவில் நிற்கிறவன் இந்த வருடம் இவ்வளவு லாபம் என்று எழுதினால் அதை வேண்டுதல் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதனால் என் நோட்டில் என் கைக்குள் இருக்கிறதை மட்டும்தான் எழுதுகிறேன். ஒரு டன் கிழங்குக்கு எவ்வளவு மாவு இறங்குகிறது, லோடு வந்த எத்தனை மணி நேரத்தில் அரைக்கிறோம் (பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கிழங்கு கெட ஆரம்பித்துவிடும்), தண்ணீர் எவ்வளவு செலவாகிறது, விவசாயிக்குப் பணம் எத்தனை நாளில் போய்ச் சேருகிறது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியம். எங்கள் தொழிலில் கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று பாயிண்ட் பார்த்து விலை போடுவோம், அந்த இடத்தில் ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் அடுத்த வருடம் அந்த ஊர் லோடே வேறு மில்லுக்குப் போய்விடும்.

நீங்கள் கேட்டது உங்களுக்கான இலக்கு. ஒளிக்காமல் சொல்கிறேன், முதலில் கையிருப்பு, அப்புறம்தான் மற்றது. ஆறு மாத வீட்டுச் செலவும் மூன்று மாத ஆள் சம்பளமும் தொழில் பணத்தோடு கலக்காமல் தனியாக இருக்கிறவரை மட்டும்தான் மனிதன் நிம்மதியாக வேறு எதையாவது நினைக்க முடியும். எங்கள் மில் வருடம் முழுக்க ஒரே மாதிரி ஓடாது. செப்டம்பர் வாக்கில் வரத்து பிடித்து, பொங்கல் சமயத்தில் மூச்சு விட நேரம் இருக்காது, கோடையில் கிழங்கு வற்றிவிடும். முன்பெல்லாம் அந்த வற்றிய மாதங்களில் வட்டிக் கணக்குதான் ஓடும். கையிருப்பு சேர்ந்த பிறகுதான் அவை எனக்கான மாதங்கள் ஆயின. கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் நிலத்தில் மல்கோவா வைத்திருக்கிறேன், கோடையில் அங்கேதான் இருப்பேன், மகனும் கல்லூரி லீவில் வந்துவிடுவான். அந்தத் தோப்பில் பெரிய வருமானம் ஒன்றும் இல்லை. ஆனால் என் வருடத்தில் நான் எதிர்பார்த்துக் காத்திருக்கிற காலம் அது.


அம்மாபேட்டை தறி:

இலக்கு, திட்டம் எல்லாம் பெரிய கம்பெனிக்காரர்களுக்குச் சரி. தறி ஓடுகிறதா, வாரக் கூலி கொடுத்தோமா, ராத்திரி தூக்கம் வருகிறதா, இதற்கு மேல் என்ன வேண்டும்? எழுதிவைத்தால்தான் இது இல்லை அது இல்லை என்று மனசு கெடுகிறது.


சேர்வராயன் காபி மிளகு:

தறி அண்ணா, வாரக் கூலி தவறாமல் கொடுப்பதும் ராத்திரி தூங்குவதும் நல்ல இலக்குகள்தானே, அவற்றை நீங்கள் வாயால் சொல்லிவிட்டீர்கள், நாங்கள் நோட்டில் எழுதுகிறோம், அவ்வளவுதான். அந்த மூன்றில் எது போனாலும் அடுத்த வாரமே உங்களுக்குத் தெரிந்துவிடும் இல்லையா, அதுதான் வேண்டும்.

ஆத்தூர் அண்ணா சொன்னதில் பாதிக்கு மேல் ஒத்துப்போகிறேன், ஒரே இடத்தில் மட்டும் இல்லை. கையிருப்பு முதலில், மற்றது பிறகு என்று வரிசை போட்டால் அந்தப் பிறகு வருவதே இல்லை. தொழில் வளர வளர மூன்று மாதச் சம்பளம் என்கிற தொகையும் வளர்ந்துகொண்டே போகும். உங்களுக்கு மில் ஓடாத மாதங்கள் இயற்கையாகவே கிடைக்கின்றன. கொலுசுப் பட்டறைக்கு அப்படி எந்த மாதம் இருக்கிறது? கல்யாண சீசன், அட்சய திருதியை, தீபாவளி, பொங்கல் என்று ஒன்று மாற்றி ஒன்று.

நாங்கள் ஏற்காட்டில் மாமனார் காலத்துக் காபித் தோட்டத்தைப் பார்க்கிறோம், கூடவே வருகிறவர்கள் தங்க மூன்று அறை. இங்கே ஒரு வருட இலக்கு என்று எழுதவே முடியாது. அரபிகா நாற்று நட்டால் கண்ணுக்குத் தெரிகிற காய் வர மூன்று நான்கு வருடம் ஆகும். சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுக் கொடியும் உடனே கொடுத்துவிடாது. நடுவில் தண்டுத் துளைப்பான் புழு காபிச் செடியில் விழுந்தால், நன்றாக இருக்கிற மாதிரி நிற்கும் செடியைப் பிடுங்கி எரிக்கத்தான் வேண்டும். மார்ச், ஏப்ரலில் வந்து காபியைப் பூக்க வைக்க வேண்டிய பூ மழை தள்ளிப்போனால் அடுத்த பறிப்புக் கணக்கே மாறிவிடும். அதனால் நான் இரண்டு பக்கமாக எழுதுகிறேன். ஒன்று இந்த வருடம் நட வேண்டியது, இன்னொன்று ஐந்தாறு வருடம் கழித்துப் பறிக்க வேண்டியது. தோட்டத்துக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். உதாரணமாக, சரிவில் ஏறி இறங்குகிற வேலை இது, அறுபது வயதிலும் கம்பு ஊன்றாமல் நானே தோட்டத்தைச் சுற்றி வர வேண்டும் என்பது பறிக்க வேண்டிய பக்கத்தில் இருக்கிறது. முழங்காலுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை விடாமல் செய்வது நட வேண்டிய பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நடவு வரிக்கும் எதிரே ஒரு பறிப்பு வரி இல்லாவிட்டால் அதை அடித்துவிடுவேன்.

இன்னொரு விஷயம், இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். நல்ல இலக்கு எதையாவது வேண்டாம் என்று சொல்ல வைக்கும். பிரேசிலில் வறட்சி வந்து, 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் அரபிகா விலை 1977இல் தொட்ட உச்சத்தையே தாண்டியது. இங்கேயும் எல்லாருக்கும் நல்ல விலை. அந்தப் பணத்தில் இன்னும் நாலு அறை கட்டுங்கள், மே மாதம் கோடை விழாக் கூட்டத்துக்கே போட்ட காசு வந்துவிடும் என்று சுற்றி இருந்தவர்கள் சொன்னார்கள். தவறான யோசனை இல்லை, கட்டியவர்கள் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். எங்கள் பறிப்புப் பக்கத்தில், பிள்ளைகள் பள்ளி முடிக்கும்வரை ராத்திரிச் சாப்பாடு எல்லாரும் ஒன்றாக என்று ஒரு வரி இருந்தது. ஏழு அறை ஆனால் சனி ஞாயிறு ராத்திரி பத்து மணி வரை விருந்தினருக்கு அடுப்படியில் நிற்க வேண்டும், அந்த வரி செத்துவிடும். கட்டவில்லை. வயதான செடிகளை எடுத்துவிட்டு மறுநடவுக்குப் போட்டோம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பத்துக் கிலோ கூடுதலாகச் செய்வதை அடுத்த வருடம்கூடச் செய்யலாம், வடக்கே பார்ட்டி அடுத்த வருடமும் கிடைப்பார்கள். அப்பாவிடம் அச்சு வெட்டக் கற்பது அப்படி இல்லை. கண் மங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கெடுவை நீங்கள் நீட்டிக்க முடியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் பக்கத்தின் முதல் வரியே அதுதான்.


ஓமலூர் வாத்தியார்:

கல்லூரியில் மேலாண்மைப் பாடம் எடுக்கிறேன், அம்மா வழியில் கொலுசு வேலைக் குடும்பம், அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

இலக்கு பற்றி எட்வின் லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1968இல் எழுதிய கட்டுரைதான் இன்றுவரை எல்லாரும் சொல்லிக்கொடுப்பதற்கு அடிப்படை. முடிந்த அளவு நன்றாகச் செய் என்று பொதுவாகச் சொல்வதைவிட, தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு கொடுத்தால் மனிதர்கள் கூடுதலாகச் செய்கிறார்கள் என்பது அவர் கண்டது. பிறகு கேரி லேத்தமும் அவரும் சேர்ந்து பல வருடம் இதை வளர்த்தார்கள். ஆனால் ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. கைக்குப் பழகாத புது வேலை என்றால், முடிவை இலக்காக வைப்பது உதவாது, கற்பதை இலக்காக வைக்க வேண்டும். அச்சு வெட்டுவதை எழுதும்போது வருட முடிவுக்குள் இத்தனை அச்சு என்று எழுதிவிடாதீர்கள். உளி எந்தச் சாய்வில் பிடித்தால் கோடு ஒரே ஆழத்தில் போகிறது, எஃகை எவ்வளவு பழுக்க விட வேண்டும், இதில் ஒவ்வொன்றையும் அப்பா கையைப் பிடித்துத் திருத்தாமல் செய்ய வருகிறதா, இப்படி எழுதுங்கள்.

1981இல் ஜார்ஜ் டோரன் என்பவர் இலக்கு எழுத ஐந்து விதி சொன்னார், பயிற்சி வகுப்புகளில் எல்லாம் இப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் அளக்க முடிய வேண்டும் என்பதைத்தான் எல்லாரும் பிடித்துக்கொள்கிறார்கள். யார் செய்வது என்பதும் அந்த ஐந்தில் ஒன்று. உங்கள் நோட்டின் முதல் பக்கத்தை எடுத்து ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் இதை யார் யார் செய்ய முடியும் என்று எழுதிப் பாருங்கள். மெஷின் விசாரிப்பதை மேஸ்திரி செய்யலாம், பார்ட்டி பிடிப்பதை ஏஜென்ட் செய்யலாம். பெண்ணின் பத்தாம் வகுப்பு வருடத்தில் அவள் பக்கத்தில் இருப்பதை வேறு யார் செய்வார்கள்? உங்கள் பெயர் மட்டும் நிற்கிற வரிகள்தான் நீங்கள் தேடுகிற பட்டியல் என்று நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கிலோவில் இலக்கு வைத்து அதை அப்படியே ஆட்கள் தலையில் போட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுக் கணக்கு, கார்டு என்று விற்கச் சொல்லி ஊழியர்களை நெருக்கியது. 2016இல் வெளியே வந்தபோது, வாடிக்கையாளருக்கே தெரியாமல் திறந்திருக்கக்கூடிய கணக்குகள் 20 லட்சம் வரை இருந்தன, வங்கி 18.5 கோடி டாலர் அபராதம் கட்டியது, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்களுக்கு வேலை போனது. எண்ணிக்கையை மட்டும் கேட்டால் எண்ணிக்கை மட்டும்தான் வரும். கொலுசில் அது எங்கே தெரியும் என்று உங்களுக்கே தெரியும். அவசரத்தில் ஊதினால் கொக்கிக்கு அடுத்த கண்ணியில் பொடி உள்ளே ஓடாமல் மேலோடு நிற்கும், மெருகு போட்ட பிறகு கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் நெம்பிப் பார்த்தால்தான் லேசாக அசையும். வாங்கின பெண் காலில் போட்டு நடந்த கொஞ்ச நாளில் விட்டுவிடும். கிலோ எழுதுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பி வந்த ஜோடி எத்தனை என்றும் எழுதுங்கள்.


கணக்கு எழுதுபவர், நாலு ரோடு:

எல்லாரும் நல்லதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் பணப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பணப் பக்கம் தெளிவாக இல்லாவிட்டால் இவை எதுவும் இரண்டு மாதம்கூடத் தாங்காது.

உங்களுடையது தனி உரிமையாளர் தொழில் என்று நினைக்கிறேன். சட்டத்தின் பார்வையில் நீங்களும் பட்டறையும் ஒரே ஆள், பான் எண்ணும் ஒன்றுதான். உரிமையாளர் தனக்குத் தானே சம்பளம் போட்டு அதைத் தொழில் செலவாகக் காட்ட வருமான வரியில் வழி இல்லை, எடுக்கிற பணம் எல்லாம் சொந்த எடுப்புதான். அதனால்தான் நிறையப் பேர் தங்களுக்கு என்று ஒரு தொகையே வைப்பதில்லை. பள்ளி ஃபீஸ் வந்தால் கல்லாவில் இருந்து, கல்யாண மொய் வந்தால் கல்லாவில் இருந்து, நல்ல மாதம் கூட, கெட்ட மாதம் குறைய. வருட முடிவில் நீங்கள் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று கேட்டால் விற்றுமுதலைத்தான் சொல்வார்கள், ஏனென்றால் அது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிந்த எண்.

இதை மாற்றுங்கள். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி நடப்புக் கணக்கில் இருந்து வீட்டுச் சேமிப்புக் கணக்குக்கு ஒரே தொகை போகட்டும், சீசன் மாதமோ இல்லையோ. வீடு அந்தத் தொகைக்குள் ஓட வேண்டும். அந்தத் தொகையை முடிவு செய்யவே நீங்களும் வீட்டம்மாவும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். பெண்ணை பதினொன்றாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது, அப்பா கண் சிகிச்சைக்கு என்ன ஆகும், வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்தால் எப்போது திரும்பி வர வேண்டும். அந்தப் பேச்சிலேயே உங்கள் சொந்த இலக்கில் பாதி வந்துவிடும். தனி உரிமையாளர் தொழிலில் கடன் திரும்பாவிட்டால் வீடு உட்பட எல்லாச் சொத்துக்கும் பொறுப்பு உண்டு. அதனால் பத்திரத்தை மீட்பது எந்த மெஷினையும்விடப் பெரிய இலக்கு என்பது என் அபிப்பிராயம்.

விற்றுமுதல் பற்றி ஒரு கிளைக்கதை. ஜிஎஸ்டியில் காம்போசிஷனில், அதாவது சிறு தொழில்காரர்கள் விற்றுமுதலில் ஒரு சிறு விகிதத்தை வரியாகக் கட்டும் எளிய திட்டத்தில், இருக்கிறவர்களுக்கு வருட விற்றுமுதல் வரம்பு 1.5 கோடி ரூபாய். கிலோ 40,000 இருந்தபோது அது 375 கிலோ வெள்ளியின் மதிப்பு, ஒரு லட்சம் ஆனபோது 150 கிலோ. சட்டம் ரூபாயைத்தான் பார்க்கும், கிலோவைப் பார்க்காது. உங்களை மாதிரியே வளராமல் வரம்பைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். எனவே ரூபாய் எண்ணை இலக்காக வைக்காவிட்டாலும் கண்காணிக்க வேண்டியது அவசியம்.

கடைசியாக பாக்கி. சொந்த நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் பாக்கி வசூலில் போகும், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பேசுகிற போனெல்லாம் அதுதான். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இல்லை என்றால் உடனே செய்யுங்கள், கட்டணம் கிடையாது. பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கியவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி, இது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது. நெடுநாள் பார்ட்டி மேல் யாரும் வழக்குப் போட மாட்டார்கள், எனக்குத் தெரியும். ஆனால் பில்லில் உத்யம் எண்ணையும் 45 நாள் என்பதையும் அச்சடித்துக் கொடுத்தாலே பேச்சு மாறுகிறது. 45 நாளுக்கு மேல் பாக்கி இல்லாத பட்டறை என்பதைத் தொழில் இலக்காகப் போடுங்கள், அதன் பலன் வீட்டில்தான் தெரியும்.


சிவதாபுரம் கொலுசுப் பட்டறை:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மனைவியும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு பதிலாகப் படித்துப் பேசினோம்.

இப்போதைக்கு முடிவு செய்தது இது. விற்றுமுதல் வரி போய்விட்டது, அந்த இடத்தில் கிலோவும் திரும்பி வந்த ஜோடியும். வாத்தியார் சொன்ன மாதிரி பெயர் எழுதிப் பார்த்தபோது என் பெயர் மட்டும் நின்றது மூன்று வரிதான். அப்பாவிடம் அச்சு வேலை. பெண்ணின் படிப்பு, அவளுக்குக் கணக்கில் நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறாள். மூன்றாவது வீட்டுப் பத்திரம். ஆத்தூர் அண்ணா, கையிருப்பையும் எழுதியிருக்கிறேன், ஆனால் ஆறு மாதத்துக்கு எங்களால் இப்போது முடியாது, மூன்று மாதம் என்று வைத்திருக்கிறோம். அதற்காக அப்பாவிடம் கற்பதைத் தள்ளிப்போடப் போவதில்லை, இதில் ஏற்காடு அக்கா சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அவரிடம் பேசிவிட்டேன். செவ்வாயும் வெள்ளியும் மதியம் வரை, நல்ல வெளிச்சம் இருக்கிற நேரத்தில். முதலில் உளியைச் சாணை பிடிக்கத்தான் சொல்லித் தருவாராம், அச்சு எல்லாம் அப்புறம் என்கிறார்.

இதில் ஒரே ஒரு சிக்கல், அதற்கு வழி இருந்தால் சொல்லுங்கள். வெள்ளி வேலையில் கண் எடுத்தால் எடை போய்விடும் என்பார்கள். உருக்கும்போது, கம்பி இழுக்கும்போது, ராவும்போது என்று ஒவ்வொரு இடத்திலும் சேதாரம் உண்டு. எது நியாயமான சேதாரம் என்று பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். வாரத்தில் இரண்டு அரை நாள் நான் அப்பாவோடு உட்கார்ந்தால் பட்டறையில் அந்தக் கண் யாருடையது?


ஆத்தூர் கிழங்கு மில்:

மூன்று மாதமே தாராளம் தம்பி, நான் சொன்னது என் வயதுக்காரன் கணக்கு. உங்கள் அப்பா விஷயத்தில் அந்தப் பெண் சொன்னது நியாயம், மறுக்க மாட்டேன்.

எடைக்கு வழி இருக்கிறது. பக்கத்தில் நிற்பதற்குப் பதில் இரண்டு முனையிலும் எடை போடுங்கள். எங்கள் மில்லில் லோடு உள்ளே வரும்போது ஒரு எடை, மாவு இறங்கும்போது ஒரு எடை, நடுவில் என்ன நடந்தாலும் இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம் சொல்லிவிடும். நீங்களும் ஒவ்வொரு கைக்கும் போகிற எடை, திரும்புகிற எடை, ராவின தூள் எடை மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். நோட்டு ஏற்கனவே வீட்டம்மா கையில் இருக்கிறது, அவர்தானே கிலோ குறைந்ததையே கண்டுபிடித்தார்! ஒரு மாதம் நீங்கள் பட்டறையில் இருக்கிற நாளின் சேதாரத்தை மட்டும் எழுதிவையுங்கள், அதுதான் அளவுகோல். அப்புறம் நீங்கள் இல்லாத நாளை அதனோடு ஒப்பிட்டால் போதும்.


சேர்வராயன் காபி மிளகு:

இதோடு ஒன்று. அந்த இரண்டு அரை நாளிலும் உருக்கு வேலை வைக்காதீர்கள், மெருகும் பேக்கிங்கும் வருகிற மாதிரி வாரத்தைப் போட்டுக்கொண்டால் சேதாரக் கவலையே பாதி குறையும். வியாபாரிகளிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், செவ்வாய், வெள்ளி மதியம் வரை போன் எடுக்க மாட்டேன் என்று. எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு அப்படிச் சொல்லிவைத்தோம், ஆரம்பத்தில் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், இப்போது யாரும் அந்த நேரத்தில் கூப்பிடுவதில்லை. உளி சாணை பிடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.